கும்பார்வாடா பேஸ்

நல்ல பேஸ் வேண்டுமென்றால் நாங்கள் கும்பார்வாடாவுக்குப் போவோம். தாராவித் தமிழர்களுக்கு அது பக்கத்துத் தெரு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் சூளைப் புகைக்கு நடுவே பானைகளைக் குப்புற அடுக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர்ப் பானை வாங்க வருகிறவர்கள் அதன் வயிற்றில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நான் பானையை நிமிர்த்தி, அதன் வாயில் உள்ளங்கையால் ஓர் அறை விடுவேன். ‘தும்’ என்று அடியிலிருந்து வந்தால் சரி. ‘டப்’ என்று மேலோடு நின்றால் அடுத்த பானை. முதல் தடவை இதைப் பார்த்த குயவர், நான் கடம் வாசிக்கிற மதராசி என்று முடிவுகட்டி விலையைக் கூட்டினார். கடத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இது ஸ்பீக்கருக்கு என்று விளக்கிய பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

இப்போது நவி மும்பை நெருளில் எங்கள் ஹாலில் நிற்கிற ஸ்பீக்கர் ஜோடிக்குக் கொடுத்த பணத்தில் அந்த முற்றத்துப் பானைகள் அத்தனையையும் சூளையோடு சேர்த்து வாங்கியிருக்கலாம். ஐரோப்பாவில் செய்தது. வெளியே வால்நட் மரத்தோல். பெட்டிக்குள் வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடியும் வைத்து அனுப்பியிருந்தார்கள்; தூக்கி வைக்கும்போது விரல் ரேகை படக் கூடாதாம். என் மனைவி அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் அடுப்பிலிருந்து பணியாரச் சட்டியை இறக்குகிறாள். அந்த வாங்கலில் முழு மனதோடு அவள் பாராட்டிய பொருள் அது ஒன்றுதான்.

‘அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டோம், ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம்’ என்று எங்கள் வயதுக்காரர்கள் பேசுவது வழக்கம். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில், மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டிகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து வளர்ந்தவன் அதை நினைத்து ஏங்க மாட்டான். குடிதண்ணீருக்கு நின்ற வரிசை, பொதுக் கழிப்பிடத்துக்கு நின்ற வரிசை எதுவும் எனக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் பாட்டு மட்டும் அங்கே நன்றாகக் கேட்டது. இதை ஏக்கத்தில் சொல்லவில்லை. இதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு என் கைக்கு வந்து சேர ஒரு ஆயுளில் பாதியும், வருங்கால வைப்புநிதியில் ஒரு பகுதியும் செலவாயின.

அறை பத்தடிக்குப் பதினைந்து. அப்பா மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மா, பிள்ளைகள் நாங்கள் நாலு பேர், அத்தை மகன் ஒருவர், அதுபோக ‘ஒரு வாரத்துல எடம் பாத்துருவேன் மாமா’ என்று சொல்லி ஊரிலிருந்து வந்து வருடக்கணக்கில் தங்கிய யாராவது ஒருவர். பகலில் மெத்தைகளைச் சுருட்டிச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்போம். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை பம்பாயில் வெளியே எதுவும் காயாது என்பதால் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டிச் சேலையும் வேட்டியும் தொங்கும். பரணில் தலையணை, கம்பளி, அரிசி மூட்டை. மூலையில் குளிக்கவும் கழுவவும் மோரி. பாதிவரை செங்கல், அதற்கு மேல் பலகை, மேலே தகரம்.

முதலில் இருந்தது மர்பி வால்வு ரேடியோ. போட்டதும் பாடாது; உள்ளே வால்வு சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். இலங்கை வானொலி சிற்றலையில் ஏறி இறங்கி வரும். அதற்குத் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்சை ஒழித்தார்கள். ‘பாட்டுக் கேக்கறதுக்கு கவர்மெண்டுக்குப் பணம் கட்டினீங்களா?’ என்று என் மகன் சிரிக்கிறான். அவன் மாதாமாதம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிறான். முத்திரை குத்திய புத்தகம்கூடக் கிடையாது.

பிறகு மாமா குவைத்திலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். கேசட் போடலாம். அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். வயலின் எல்லாம் துல்லியமாக வரும், தபலா வராது. தபலா இல்லாத இளையராஜாவை எத்தனை நாள் கேட்பது? ஊருக்குப் போயிருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு காட்சியைப் பார்த்திருந்தேன். தரையில் மண்பானை. அதன் வாயில் மல்லாக்கப் படுத்திருக்கிற எட்டு அங்குல ஸ்பீக்கர். டீ ஆற்றுகிறவரின் கால்வழியாக ஏறி டம்ளர்வரைக்கும் வருகிற பேஸ்.

விஷயம் லேசானதுதான். ஸ்பீக்கரின் காகிதம் காற்றை முன்பக்கம் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் எதிரெதிர் அலைகள். வெறுமனே விட்டால் தாழ்ந்த சுரங்களில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். தபலா காணாமல் போவது அப்படித்தான். பின்பக்கத்தை எதையாவது வைத்து அடைத்தால் முன்பக்கம் பிழைக்கும். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஸ்பீக்கரை அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பேஸ் வந்ததைக் கேட்டு அந்த ஊரே வாய் பிளந்தது. அவர் ஒரு கம்பெனியே தொடங்கிவிட்டார். நம் டீக்கடைக்காரர்களுக்கு வில்ச்சரைத் தெரியாது, பானையைத் தெரியும். பானைக்கு இன்னொரு நல்ல குணம்: அதில் எதிரெதிர்ச் சுவர் கிடையாது. உள்ளே ஒலி இரண்டு பலகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஊளையிட வழியில்லை. இப்போது லட்சக்கணக்கில் விற்கிற சில ஸ்பீக்கர்களின் முதுகை வளைத்துச் செய்வதும் இதற்காகத்தான். குயவர் சக்கரத்தில் அந்த வளைவு கேட்காமலே வந்துவிடுகிறது.

ஒரு பானை போதாது என்று பட்டது ‘ப்ரியா’ கேசட் வந்தபோது. 1978-இல் வந்த படம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பேச்சு. ஸ்டீரியோ என்றால் இரண்டு பானை. தரையில் இரண்டாவது பானை வைத்தால் ஒரு ஆள் படுக்கிற இடம் போய்விடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். ஆகவே இடது பானை மோரி ஓரத்திலும் வலது பானை பரண்மேலும் அமைந்தன. உலகத்தில் எல்லோருக்கும் ஸ்டீரியோ இடமிருந்து வலமாகப் பரவியது. எங்களுக்குக் கீழிருந்து மேலாக.

ஆனாலும் நன்றாகக் கேட்டது. கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வந்து அதே பாட்டை வீட்டில் போட்டு ஒப்பிடுவது எங்கள் வழக்கம். 1987-இல் ‘நாயகன்’ வந்தபோது அந்த ஒப்பீடு இரண்டு வகையில் நடந்தது. எங்கள் சந்துகளைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி செட்டாகப் போட்டிருந்தார். செட்டில் இருந்த தாராவி எங்கள் தாராவியைவிடச் சுத்தமாக இருந்ததா இல்லையா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பாட்டு விஷயத்தில் இல்லை. ‘அரோராவுல கொரலு கணகணன்னு இருக்கு, நம்ம வீட்டுல தெளிவா இருக்குலே’ என்றார் அத்தை மகன். எல்லாப் புகழையும் பானைக்கே கொடுத்தோம்.

அக்கம்பக்கத்துக்கும் பங்கு போனது. மெல்லிய சுவரும் தகரமும் பேஸைப் பிடித்து வைக்காது. சந்து முழுக்க அது வழிந்தோடிவிடும். மூன்று வீடு தள்ளி இருந்த ஆச்சி, பாட்டுப் பிடிக்காவிட்டால் அங்கிருந்தே ‘ஏலே, மாத்திப் போடு’ என்பாள். மாற்றிப் போடுவேன்.

1993-இல் ரயில் நெருளுக்கு வந்தது. அதற்கு முன் வாஷி கழிமுகத்துக்கு அப்பால் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதை மாதுங்காத் தமிழர்கள் முழுதாக நம்பவில்லை. 1970-இல் தொடங்கிய அரசு நிறுவனமான சிட்கோ கட்டிப்போட்ட வீடுகள் வரிசையாக நின்றன. கடன் வாங்கி ஒன்றில் குடியேறினோம். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. படுக்கை அறை என்று தனியாக ஒன்று. கான்கிரீட் சுவர். பானைகள் மினி லாரியில் ஏற்றுவதற்கு முன்பே உடைந்தன என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாதான் உடைத்தாள் என்பது என் ஊகம்.

புது வீட்டுக்குப் புது செட். அப்போது எல்லோரும் வாங்கிய ரகம்: மூன்று அடுக்கு, நடுவில் வண்ண விளக்குகள் ஏறி இறங்கும், அட்டைப் பெட்டியில் தங்க எழுத்தில் ‘1,200 வாட் பி.எம்.பி.ஓ.’ வீட்டுக்கு வந்து பின்பக்கத் தகட்டைப் படித்தேன். கருவி இழுக்கும் மின்சாரம் 65 வாட். அறுபத்தைந்தை வாங்கி ஆயிரத்து இருநூறாகத் திருப்பிக் கொடுக்கிற அந்தப் பெட்டி மகாராஷ்டிர மின்வாரியத்தின் கண்ணில் பட்டிருந்தால் கொய்னா அணையை மூடியிருப்பார்கள்.

பி.எம்.பி.ஓ. என்பது எந்தத் தரநிர்ணயத்துக்கும் கட்டுப்படாத எண். கண் இமைக்கும் நேரத்தில் உச்சத்தில் வந்துபோவதை எப்படியாவது அளந்து, ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, விற்பனை மேலாளரின் மனநிலையையும் கூட்டிக்கொள்வது. உண்மையான, தொடர்ந்து தருகிற வாட் சில பத்துகளுக்குள் இருக்கும். வாட்டைப் பற்றி இன்னொரு ரகசியமும் உண்டு, அதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. காதுக்குக் கொஞ்சம் கூடினதாகத் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள வாட் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். இருபது வாட்டிலிருந்து நாற்பதுக்கு மாறுவதற்காக ஒரு தீபாவளி போனஸ் முழுவதையும் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை மிக நெருக்கமாகவே தெரியும்.

அந்தச் செட்டில் பாடினவர்கள் எல்லோரும் குளியலறையிலிருந்து பாடினார்கள். செட் சரியில்லை என்று தீர்ப்பெழுதினேன்.

அடுத்த காலகட்டம் லாமிங்டன் ரோடு. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து கிராண்ட் ரோடில் இறங்கினால், பத்து அங்குல ஊஃபர், மிட், ட்வீட்டர், கிராஸ்ஓவர் போர்டு எல்லாம் மாம்பழம் விற்கிற மாதிரி நடைபாதையில் குவிந்து கிடக்கும். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். ஊஃபரை என்ன செய்வது? காகிதத்தை இரண்டு கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, உள்ளே சுருள் உரசுகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பார்கள். அழுத்திப் பார்ப்பவன் விவரமானவன் என்று கடைக்காரர் விலையை ஒரு படி இறக்குவார். அதனால் எல்லோரும் அழுத்தினார்கள்.

பெட்டி செய்ய மிஸ்திரி. பெட்டியின் கொள்ளளவு, முன்பக்க ஓட்டையின் விட்டம், அதற்குள் செருகுகிற குழாயின் நீளம் மூன்றும் ஊஃபரோடு பொருந்த வேண்டும். ஓட்டை வைத்த பெட்டியை 1930-களிலேயே பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதினார். பத்து ஆண்டுக் காலம் வெளியுலகம் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று உலகத்து ஸ்பீக்கர்ப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த இரண்டு பேர் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. இதை நான் அரைகுறை இந்தியில் விளக்கி முடித்தபோது மிஸ்திரி கேட்டது ஒன்றுதான்: சன்மைக்கா என்ன கலர்?

குழாய்க்கு பி.வி.சி. பைப். முதலில் நீளமாக வைத்துக்கொண்டு, பாட்டுப் போட்டுக் கேட்டு, ஒரு விரற்கடை அறுத்து, மறுபடி கேட்டு, மறுபடி அறுத்து. அறுக்க அறுக்கப் பெட்டி இசைகிற சுரம் ஏறும். அறுத்ததை ஒட்ட முடியாது. பிளம்பிங் கடைக்காரர் எங்கள் வீட்டில் ஏதோ பெரிய அடைப்பு என்று நினைத்துக்கொண்டு, தெரிந்த ஆள் இருக்கிறார், அனுப்பட்டுமா என்று விசாரித்தார்.

பேஸ் வந்தது. ஒரே ஒரு பேஸ். மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார், தவில், பக்கத்துச் சாலையில் திரும்பும் லாரி எல்லாவற்றுக்கும் ஒரே ‘டூம்’. எதிரெதிரே இரண்டு கான்கிரீட் சுவர்கள் பத்தடி இடைவெளியில் நின்றால் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் ஒலி நடுவே மாட்டிக்கொண்டு வெளியேற வழி தெரியாமல் நிற்கும். எங்கள் ஹாலின் அகலம் பத்தடி. தாராவியில் பலகை வழியாகவும் தகரம் வழியாகவும் சந்துக்குப் போன பேஸ், இங்கே வீட்டுக்குள் குடியிருந்தது. நான் ஊஃபரைக் குற்றம் சொன்னேன். ஊஃபரை மாற்றினேன். புது ஊஃபரும் ‘டூம்’ என்றது.

கீழ்வீட்டு மராத்திக்காரர் மரியாதையான மனிதர். மேலே வந்து, சோபாவில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுச் சொன்னார்: ‘உங்கள் பாட்டு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் கேட்கின்றன.’ 2000-த்தில் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அந்த ஆண்டே சொசைட்டி அறிவிப்புப் பலகையில் அது ஏறியது. யார் பெயரும் போடவில்லை. படித்தவர்கள் எல்லோரும் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு சின்ன விஷயம், இன்றைக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஒரு நாள் பெட்டியைக் கழற்றி மாட்டிய பிறகு, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோயிற்று, பேஸும் செத்துவிட்டது. ஒரு ஸ்பீக்கரின் ஒயர் மட்டும் மாறியிருந்தால் இப்படி ஆகும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு பென்சில் செல்லை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டால் காகிதம் முன்னால் எகிறும் அல்லது உள்ளே போகும். முன்னால் வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். லாமிங்டன் ரோடு கடைப் பையன்களுக்குப் பள்ளிப்படிப்பு இல்லாமலே தெரிந்த இந்த வித்தையை, எஞ்சினீயரிங் படித்த என் மகனுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவன் அதை வீடியோ எடுத்துவைத்துக்கொண்டான்.

ஊஃபரைச் சுற்றி இருந்த ஸ்பாஞ்சு வளையம் நவி மும்பைக் காற்றில் சில மழைக்காலங்களுக்குத்தான் தாங்கியது. விரல் பட்டால் உதிர்ந்து மாவாயிற்று. பெட்டிகளைக் குர்லாவில் தரைத்தளத்தில் இருந்த தம்பிக்குக் கொடுத்தேன். அவன் ரப்பர் வளையம் போட்டு ஓட்டினான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மிட்டி நதி தம்பி வீட்டுக்குள் வந்தது. ஆட்கள் மாடிக்கு ஏறிவிட்டார்கள். பிளைவுட் ஊறி, பெட்டிகள் நாலு பக்கமும் உப்பி, கிட்டத்தட்ட பானை வடிவத்துக்கு வந்திருந்தன என்று அவன் சொன்னான். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறான். அன்றைக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த ஹோம் தியேட்டரைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆறு ஸ்பீக்கர், வீடு முழுக்க ஒயர். சோபாவுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறந்தது. ஹெலிகாப்டர் வராத படங்களில் பின் ஸ்பீக்கர்கள் சும்மா இருந்தன. மாமியார்–மருமகள் சீரியலில் இடி இடிக்கும்போது மட்டும் சப்ஊஃபருக்கு வேலை.

இதற்கிடையில் வீட்டையும் தரம் உயர்த்தினோம். மொசைக் தரை போய் முகம் தெரிகிற விட்ரிஃபைட் டைல்ஸ். துணித் திரைச்சீலை போய் ஸ்லைடிங் கண்ணாடி. கண்ணாடி டீப்பாய். அழுக்குப் பிடிக்கிறது என்று கம்பளம் போயிற்று. அம்மா காலத்துப் பஞ்சு மெத்தைகள் பழைய சாமான்காரருக்குப் போயின. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகிப் புனே. இப்போது இரண்டே பேருக்குப் பெரிய, வழவழப்பான ஹால். ‘இந்த ஹாலுல பேசுனாலே ரெண்டு தடவ கேக்குது, இதுல பாட்டு எப்பிடி வெளங்கும்?’ என்று மனைவி அப்போதே சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஹால் அப்படி.

ஐரோப்பிய ஜோடியை வாங்கியது ஒரு ஷோரூமில். கீழே கணுக்கால் புதைகிற கம்பளம், மூன்று பக்கம் கனத்த வெல்வெட் திரை, பருத்த துணிச் சோபா. அங்கே கேட்டபோது வீணைத் தந்தியில் நகம் படுவது தெரிந்தது. விற்பனையாளர் பேசவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். பாடகர் குளியலறைக்குத் திரும்பியிருந்தார்.

இந்த இடத்தில் மனிதன் கேபிள் வாங்குவான். விரல் தடிமன், பாம்புத் தோல் பின்னல். தடிமனான ஒயர் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு; நீளமும் அதிகமானால் மெல்லிய ஒயர் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். ஆனால் ஏழடி தூரத்துக்குச் சாதாரணத் தடித்த செம்பு ஒயரே போதும். பாம்புத் தோல் பின்னலின் வேலை அதைப் பார்க்க வருகிறவர்களிடம். பிறகு ஸ்பைக் வாங்கினேன்: ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற கூர்மையான கால்கள். அவை டைல்ஸைக் கீறாமலிருக்க மனைவி ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்தாள். அந்தத் தொகையோடு அவள் பங்களிப்பு முடிந்தது.

கடைசியில் வீட்டுக்கு வந்திருந்த மகன்தான் போனில் ஓர் ஆப்பை இறக்கி, ஹால் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினான். ‘ட்ரிங்ங்’ என்று வால் நீண்டது. ‘ஒரு செகண்டுக்கு மேல நிக்குதுப்பா. அரை செகண்டுக்குள்ள அடங்கணும். ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. வீடுதான் பாடுது.’

இதை அளந்து சொன்ன முதல் ஆள் வாலஸ் சபின். ஹார்வர்டில் இளம் பேராசிரியர். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் வாத்தியார் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. சபின் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, அந்த அறையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். இப்படிப் பல இரவுகள். அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் ஒலி நிற்கும். உறிஞ்சுகிற பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சூத்திரம் கண்டார். எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கு அவர் வைத்த அலகு திறந்த ஜன்னல்: அதன் வழியே போன ஒலி திரும்பாது அல்லவா? டைல்ஸ் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் வாங்கிக்கொள்ளும், மீதியை முகத்தில் வீசும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த துணி பாதியளவுக்கு வாங்கிக்கொள்ளும். உடுத்தியிருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். நல்ல அரங்குகளில் நாற்காலிக்கு மெத்தை தைப்பதும் நம் முதுகுக்காக மட்டுமில்லை. வராதவர்களுடைய இடத்தில் உட்கார்ந்து அந்த மெத்தை ஒலியை உறிஞ்ச வேண்டும்.

கணக்குப் போட்டேன். அப்பா அரை, அம்மா அரை, நாங்கள் நாலு பேர் இரண்டு, அத்தை மகன் அரை, ஒரு வாரத்தில் இடம் பார்க்கப் போகிறவர் அரை. ஆள் உயர மெத்தை அடுக்கு. மழைக்காலச் சேலைகள். தலையணை, கம்பளி, அரிசி மூட்டை. பேஸுக்குத் தகரமும் பலகையும். நாங்கள் குடியிருந்தது ஒரு ரெக்கார்டிங் தியேட்டர். பானையும் பங்கு கேட்கலாம், கொஞ்சம்.

இன்டீரியர் ஆள் ஒருவர் வந்து பார்த்து, சுவருக்கு அக்கூஸ்டிக் பேனல் போட ஒரு தொகை சொன்னார். ஒரு காலத்தில் அந்தத் தொகையை முன்பணமாகக் கொடுத்து நெருளில் வீடு பதிந்தேன். ‘சுவத்துல மெத்தையா?’ என்றாள் மனைவி. பேச்சு அத்தோடு நின்றது.

போன மாதம் மகளுக்கு வளைகாப்பு. மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே வைக்கலாம் என்றார்கள். சோபாவும் டீப்பாயும் எதிர்வீட்டுக்குப் போயின. சுவருக்குச் சுவர் ஜமுக்காளம். தாராவியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் ஊரிலிருந்தும் சொந்தக்காரர்கள். பட்டுச் சேலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மூலையில் துணிப் பைகளும் படுக்கைச் சுருட்டுகளும் மலையாகக் குவிந்திருந்தன. வளையல் அடுக்குவதற்கு முன் சும்மா இருக்கட்டுமே என்று ‘ப்ரியா’ பாட்டைப் போட்டேன்.

யேசுதாஸ் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், பிள்ளையார் படத்துக்குக் கீழே வந்து நின்றார். தபலா தன் இடத்தில் தட்டியது, தட்டியதும் நின்றது. ‘டூம்’ இல்லை. நான் மகனைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டான். கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கித் திரையைக் காட்டினான். அரை வினாடிக்கும் கீழே.

‘அத்தான், அத அமத்துங்க’ என்றாள் மைனி. ‘பிள்ளைக்கு வளையல் சத்தம் கேக்க வேண்டாமா?’

அமர்த்தினேன். அது தெளிவாகக் கேட்டது என்று அங்கே யாரிடம் சொல்வது? பந்தி முடிந்த பிறகு அடுக்களை வாசலில் மனைவியைப் பிடித்து, எத்தனை பேர் ராத்திரி தங்குகிறார்கள் என்று கேட்டேன்.

‘பன்னெண்டு பேர். எதுக்கு?’

‘மெத்தை போதுமா?’

‘ஜமுக்காளத்துல படுத்துக்குவாங்க. ஒரு ராத்திரிதான?’

‘ஒரு ராத்திரின்னு யார் சொன்னா? பிரசவம் வரைக்கும் வந்து போற ஆளுங்க இருப்பாங்க. நல்ல பஞ்சு மெத்தையா ஒரு எட்டு வாங்கிப் போட்டுருவோம். பகல்ல சுருட்டி ஹால் சுவரோரம் அடுக்கி வச்சுக்கலாம்.’

அவள் என்னைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வாஷியில் மெத்தைக் கடை ஒன்பதரை வரை திறந்திருக்கும் என்றேன்.